சேலத்தில் ஒரு பழைய மஸ்டாங்: 289 வி8-ஐச் சீரமைத்து ஏற்காட்டுக்கு டியூன் செய்வது

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கும் ஏற்றம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த 1,200 மீட்டர் வித்தியாசத்தை முடித்துவிடுகிறது. கீழே 40 டிகிரி வெயில், மேலே பனிமூட்டம். 1965 முதல் 1968 வரை வந்த, 289 கன அங்குல வி8 என்ஜின் கொண்ட ஃபோர்டு மஸ்டாங்கை இங்கே வைத்து ஓட்ட நினைப்பவர் இந்த மலையை மனதில் வைத்தே ஒவ்வொரு வேலையையும் செய்ய வேண்டும். அமெரிக்கச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்களை அப்படியே வைத்தால் அஸ்தம்பட்டி வரை நன்றாக ஓடும், எட்டாவது வளைவில் கொதிக்கும்.

வேலையின் வரிசை முக்கியம்: பாடி, பிரேக், கூலிங், இக்னிஷன், கடைசியாகத்தான் கார்புரேட்டர். பெரும்பாலோர் கார்புரேட்டரில் தொடங்குகிறார்கள். டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) தவறாக இருக்கும்போது ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) மாற்றினால், பின்னால் டைமிங்கைச் சரிசெய்ததும் அந்த ஜெட் வேலை முழுவதும் வீண்.

ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டிக்கான 'விஏ' வரிசைப் பதிவு வேண்டுமென்றால் சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றை மாற்றியமைத்திருக்கக் கூடாது. 2021-இல் வந்த இந்த விதியின்படி புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம்.

பாடி

மஸ்டாங்குக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால் தரைத் தகட்டை வெட்டுவதற்கு முன் கதவு திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்ட் செய்து நிறுத்துங்கள். அதைச் செய்யாமல் வெட்டினால் பாடி தொய்ந்து, பிறகு கதவு மூடாது.

துரு ஒளிந்திருக்கும் முதல் இடம் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளின் அடிப்பகுதி. ஏற்காட்டில் காபித் தோட்டங்களின் ஓரம் நிறுத்தினால் சில்வர் ஓக் இலைகள் அதற்குள் விழுந்து, ஊறி, தண்ணீரைத் தேக்கும். ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டினால் மேல் தகட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சீலன்ட் பூசி அடைப்பது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. தரைக்கு 0.9 மி.மீ. சிஆர்சி தகடு போதும். மிக் வெல்டிங்கில் ஒரே ஓட்டமாக இழுக்காமல், புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வையுங்கள். இல்லையேல் தகடு வளைந்து, அதை மறைக்கக் கிலோ கணக்கில் பட்டி போட வேண்டி வரும்.

என்ஜின்: லேத்தில் சொல்ல வேண்டியவை

போல்ட்கள் எல்லாம் அங்குல நூல் (மரை). 5/16 போல்ட்டும் நம் 8 மி.மீ. போல்ட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு சுற்று நுழையும், பிறகு பிளாக்கின் நூலையே அரைத்துவிடும். அம்பாசிடர், பழைய ஜீப் வேலை பார்த்த பட்டறைகளில் அங்குல டேப்பும் ஸ்பேனரும் இருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கே கொண்டுபோங்கள்.

289-இன் பிளாக் மெல்லிய வார்ப்பு. 4 அங்குல போரை (சிலிண்டர் விட்டத்தை) 0.030 அங்குலம் வரை பெரிதாக்கலாம். 0.040-க்குப் போகுமுன் சுவரின் கனத்தை அளந்தாக வேண்டும். சுவர் மெலிந்தால் சேலம் வெயிலில் சூடு அடங்காது. ரிங் இடைவெளி, போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.004 அங்குலம் என்ற கணக்கில் சுமார் 0.016. மெயின் பேரிங் போல்ட் 60 முதல் 70 அடி-பவுண்டு, கனெக்டிங் ராட் நட் 19 முதல் 24, ஹெட் போல்ட் மூன்று படிகளில் 50, 60, பிறகு 65 முதல் 72.

இந்த என்ஜினில் பலரைக் கவிழ்ப்பது ஹெட் கேஸ்கெட். தண்ணீர் பிளாக்கின் பின்பக்கம் வரை போய், அங்கே ஹெட்டுக்கு ஏறி, முன்னால் திரும்பி வர வேண்டும். கேஸ்கெட்டில் 'முன்பக்கம்' என்று பொறித்த முனை இரு பக்கமும் ரேடியேட்டரைப் பார்த்தே இருக்க வேண்டும். ஒன்று திரும்பிப்போனால் தண்ணீர் முன்னாலேயே குறுக்கு வழியில் ஏறிவிடும். மீட்டர் முள் ஒழுங்காகவே காட்டும், பின் சிலிண்டர்கள் மட்டும் வெந்துகொண்டிருக்கும். சரியாக வைத்திருந்தால் கேஸ்கெட்டின் சதுர மூலை முன்னால் வெளியே தெரியும். ஹெட்டை இறக்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பார்சலில் உதிரிபாகம் வரவழைக்கும்போது இன்னொரு பொறி. 1980 வரையிலான 289, 302 என்ஜின்களின் முன் பேலன்சரும் (கிராங்கின் முன்முனையில் உள்ள கனமான வளையம்) ஃபிளைவீலும் 28 அவுன்ஸ் சமநிலைக்குச் செய்தவை. 1981-க்குப் பிந்தைய 302-க்கு 50 அவுன்ஸ். போல்ட் துளைகள் பொருந்தும், என்ஜினும் ஓடும், அதிர்விலேயே பேரிங் போய்விடும். பழைய டைமிங் செயினில் கேம் சக்கரத்தின் பல் நைலானாக இருந்தால் கையோடு மாற்றிவிடுங்கள். உதிர்ந்த நைலான் துண்டுகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். பிரித்தபோது சம்ப்பில் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) வெள்ளைத் துணுக்குகள் கிடந்தால் பாதி பல் ஏற்கனவே போய்விட்டது என்று பொருள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டு, 1/4 அங்குல அறுகோணக் கம்பியை டிரில்லில் மாட்டி ரிவர்ஸில் சுற்றி ஆயில் அழுத்தத்தை ஏற்றுங்கள். புது கேம் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனவுடன் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்-இல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் விடவே கூடாது. கேமும் டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகுவது அந்த 20 நிமிடத்தில்தான். இன்றைய மெல்லிய பெட்ரோல் கார் ஆயில்களில் துத்தநாகச் சேர்மம் குறைவு. சிஐ-4 தர 15டபிள்யூ-40 டீசல் ஆயில் இந்தக் கேமுக்கு ஒத்துவரும். ஃபில்டரோடு சுமார் 4.7 லிட்டர் பிடிக்கும்.

கூலிங்

சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இந்தக் காரில் அதைச் செய்யாதீர்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கட்டும். குறை பெரும்பாலும் ஃபேன் ஷ்ரவுடில் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு இணைந்த கூட்டில்) இருக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி 15 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது, முன்னாலிருந்து காற்று வராது, ஃபேன் இழுப்பதுதான் காற்று. ஷ்ரவுட் இல்லையென்றால் அது ரேடியேட்டரின் நடுவட்டத்தில் மட்டுமே இழுக்கும். இறக்கை பாதி ஷ்ரவுடுக்கு உள்ளே, பாதி வெளியே நிற்க வேண்டும். கீழ் ஹோஸுக்குள் சுருள் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆர்பிஎம் ஏறும்போது ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து குழாய்கள் அடையும். பேட்டரிக்கு வாங்கும் தண்ணீரில் பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

ஸ்பார்க்

டைமிங் லைட்டை நம்புமுன் பேலன்சரை நம்ப முடியுமா என்று பாருங்கள். அதன் வெளிவளையம் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 50 ஆண்டுப் பழைய ரப்பர் வழுக்கி, கோடு பத்து டிகிரி தள்ளிப்போயிருக்கலாம். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் வைத்து, இரு பக்கமும் சுற்றி, இரண்டு குறிகளுக்கும் நடுவை எடுங்கள். அதுதான் உண்மையான டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்).

ஃபயரிங் வரிசை 1-5-4-2-6-3-7-8, ரோட்டர் இடஞ்சுழி. 7, 8 அடுத்தடுத்து வெடிப்பவை, பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அவற்றின் ஒயர்களை ஒட்டிக் கட்டினால் ஒன்றின் ஸ்பார்க் மற்றதில் பாயும். பாயிண்ட் இடைவெளி 0.017 அங்குலம், பிளக் 0.034. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டிடிசிக்கு முன் ஐடிலில் 10 டிகிரியும் 3,000 ஆர்பிஎம்-இல் மொத்தம் 34 டிகிரியும் வையுங்கள்.

என்ஜின் தட்டும் சத்தத்தைக் கேட்க வேண்டிய இடம் கீழ் வளைவுகள். அங்கேதான் காற்று சூடு, அடர்த்தியும் அதிகம், சுமையும் முழுசு. மேலே போகப்போகக் காற்று மெலிந்து தட்டுவது தானாகவே குறையும். ஆகவே ஏற்காட்டில் தட்டவில்லை என்று திருப்திப்படாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது வளைவில் கல் குலுக்குவதுபோல் கேட்டால் 2 டிகிரி பின்னுக்குத் தள்ளுங்கள்.

பெட்ரோல்

இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய ரப்பரை அது கரைக்கும், டேங்க்கின் துருவையும் கிளப்பிவிடும். டேங்க்கைச் சுத்தம் செய்து, எல்லா ஹோஸையும், ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரத்தையும், கார்புரேட்டர் ஊசியின் நுனியையும் வைட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்) வகைக்கு மாற்றாமல் ஓட்டுவது தீயோடு விளையாடுவது.

அதே அளவு காற்றுக்குச் சாதாரணப் பெட்ரோலைவிட இ20 கூடுதலாக வேண்டும், ஆகவே பழைய ஜெட்டில் கலவை 'லீன்' (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும். மலையிலோ காற்று மெலிவதால் கலவை 'ரிச்' (பெட்ரோல் அதிகம்) ஆகும். ஒன்று இந்தப் பக்கம் இழுக்கிறது, மற்றது அந்தப் பக்கம். பலரும் மாட்டும் 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று) ஹோலி கார்புரேட்டரை எடுத்துக்கொண்டால், பெட்டியிலிருந்து வரும்போது முன்ஜெட் 66. சேலத்தில் இ20-க்கு 68 அல்லது 69-இல் தொடங்குங்கள். 2,000 அடிக்கு ஒரு ஜெட் குறைக்க வேண்டும் என்பது ஹோலி கணக்கு. ஏற்காடு சேலத்தைவிட 4,000 அடி உயரம், அதாவது இரண்டு ஜெட். எனவே கீழே 68, மேலே வாரக்கணக்கில் வைத்திருப்பவருக்கு 66. காலையில் ஏறி மாலையில் இறங்குபவர் 67-ஐப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆக்ஸிஜன் மீட்டர் பொருத்தியிருந்தால் லாம்டா எண்ணைப் பாருங்கள் (1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே ரிச்): சீரான ஓட்டத்தில் 0.95 முதல் 1.0, முழு அழுத்தத்தில் 0.85 முதல் 0.88.

பவர் வால்வை யாரும் யோசிப்பதில்லை. என்ஜினின் வேக்கம் அதில் உள்ள எண்ணுக்குக் கீழே போனால் அது திறந்து கூடுதல் பெட்ரோலை விடும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குல (பாதரச அளவு) வேக்கம் குறையும். சேலத்தில் ஐடிலில் 17 காட்டும் என்ஜின் ஏற்காட்டில் 13 காட்டும். அதில் பாதி 6.5, அந்த எண் வால்வே போதும். யாரோ 8.5 அல்லது 10.5 போட்டிருந்தால் மேலே லேசாக மிதித்தாலே திறந்து கரும்புகை விடும்.

ஏறி நின்று அணைத்த வண்டி கால் மணி கழித்து ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்துவிட்டது. அதன் அடியில் அரை அங்குலக் கனமான வெப்பத் தடுப்பு ஸ்பேசர் வையுங்கள். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். அணைக்கும் முன் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

பிரேக், இறக்கம்

1967-க்கு முந்தைய மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இரட்டைச் சுற்றுக்கு மாற்றாமல் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. முன் டிஸ்க் வைத்தால் இன்னும் நல்லது. டிரம்மோடு ஓட்டுபவர் லைனிங்கும் அட்ஜஸ்ட்டும் சரியாக வைத்து, வேகத்தை அதற்கேற்ப அடக்கிக்கொள்ள வேண்டும். டாட்-4 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். ஏற்காட்டு மூட்டத்தில் நிற்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியர், ஆட்டோமேட்டிக் என்றால் தாழ்நிலை. காலை பிரேக்கிலேயே வைத்திருக்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து விடுங்கள். முதல் தடவை அடிவாரத்தில் ஓரம் கட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிரம்மையும் அளந்து பாருங்கள். முன்னிரண்டும் பின்னிரண்டைவிடச் சூடாக இருப்பது இயல்பு. இடமும் வலமும் 30, 40 டிகிரி வேறுபட்டால் சூடான சக்கரத்தில் ஷூ ஒட்டுகிறது, அல்லது குளிர்ந்த சக்கரத்தின் சிலிண்டர் சிக்கியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்த பிறகு இரண்டாவது தடவை ஏறுங்கள்.