மலையகத்தில் வாலிபர் முகாம்: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். இறங்கினால் மொழியும் தமிழ், சபையில் பாடுவதும் நமக்குத் தெரிந்த கீர்த்தனை. அதனால் லிங்கராஜபுரம், கம்மனஹள்ளிப் பக்கத்து வாலிபர்களிடம் வெளிநாட்டு ஊழியம் என்று சொன்னால் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகம்தான் நினைவுக்கு வருகிறது. மூன்று முறை குழுவை அழைத்துப் போனவன் நான். 'அங்கேயும் எல்லாம் நம் ஊர் மாதிரிதான்' என்ற நினைப்புதான் எங்களை அதிகமாகச் சறுக்கவிட்டது.

முதல் முகாமை மே மாதத்தில் வைத்தோம், இங்கே கோடை விடுமுறை என்பதால். ஹட்டனில் இறங்கிய மறுநாள் காலை, பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாகப் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்த பிறகுதான் விழித்துக்கொண்டோம். இலங்கையில் பள்ளி விடுமுறை வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் வரும். பெற்றோர் காலையிலேயே கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். அதில் இருவர் போதகரின் பிள்ளைகள். போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை. தகரக் கூரையில் மழை கொட்டியபோது, கூடுதல் சுமைக்குப் பணம் கட்டிக் கொண்டுபோன கீபோர்டின் சத்தம் வாசித்தவனுக்கே கேட்கவில்லை.

போதகர் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நாங்கள் கேட்ட விதம்தான் தவறு. டிக்கெட் எடுத்துவிட்டு, 'ஐயா, மே மாதம் வரலாமா?' என்று தொலைபேசியில் கேட்டால், விருந்தாளியை வேண்டாம் என்று எந்தப் போதகர் சொல்வார்? 'எந்த வாரம், எத்தனை மணிக்கு வைத்தால் உங்கள் பிள்ளைகள் வருவார்கள்?' என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். ஆகஸ்டில், வேலை முடிந்த மாலை நேரத்தில் வைத்தபோது உட்கார இடமில்லை.

விசா விஷயத்தில் விளையாடாதீர்கள். சுற்றுலாவுக்கென்று வாங்கிய அனுமதி பிரசங்கம் செய்யவும் முகாம் நடத்தவும் கொடுத்த அனுமதி அல்ல. 'சும்மா ஊர் சுற்ற வந்தோம் என்று சொல்லிவிடலாம்' என்று யோசனை சொல்லும் அண்ணன் எல்லாச் சபையிலும் ஒருவர் இருப்பார். ஊழியத்துக்குப் போகிறவன் விமான நிலையத்தில் பொய்யோடு தொடங்கலாமா? அழைக்கும் சபை மூலமாகக் இலங்கையின் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் (இமிகிரேஷன் துறை) முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்துக்குள் கூட்டம் நடத்த நிர்வாகத்தின் அனுமதியையும் அந்தச் சபையே பெற்றுத் தரட்டும்.

ஆலய வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னதற்கு எங்கள் பையன் ஒருவன் முகம் சுளித்தான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு ஆலயங்களில் குண்டு வெடித்ததை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாதது என் குற்றம்.

வரலாறு தெரியாமல் போவது இதைவிடப் பெரிய அவமானம். லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) திண்ணையில் தேநீர் கொடுத்த பெரியவரிடம், 'போர்க் காலத்தில் வடக்கிலிருந்து இங்கே வந்தீர்களா?' என்று கேட்டாள் எங்கள் குழுப் பெண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையில் இருப்பது என்று இரு நாடுகளும் அவர்களைப் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அவருடைய தங்கை கோத்தகிரியில் இருக்கிறாராம். பார்த்து நாற்பது வருடம் ஆகிவிட்டது என்றார்.

பேச்சிலும் கவனம் வேண்டும். எங்கள் வாலிபன் ஒருவன் 'இருளில் இருக்கும் ஜனங்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்தோம்' என்று சாட்சியைத் தொடங்கினான். தோட்டத் தமிழர்களுக்கென்றே தனியாக ஒரு மிஷன் 1854இல் தொடங்கிய இடம் அது. கூட்டம் முடிந்ததும் ஒரு பாட்டி புத்தகம் இல்லாமல் ஒரு கீர்த்தனையின் எல்லாச் சரணங்களையும் பாடினார். நம் பிள்ளைகள் இரண்டாம் சரணத்துக்கே கைபேசியைத் தடவினார்கள்.

மற்றவை வழக்கமானவைதான். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்குத் தாய், தகப்பன் இருவரின் கையெழுத்தும் வேண்டும். மருத்துவக் காப்பீடு வேண்டும். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனி அறையில் இருக்கக் கூடாது. போதகரானாலும் சரி, நானானாலும் சரி. பிள்ளைகளைப் படமெடுத்து உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதைத் தடை செய்யுங்கள். பென்சில், மிட்டாய், பணம் எதையும் நேராகக் கொடுக்காமல் சபையிடம் ஒப்படையுங்கள். கிடைக்காத பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் காரணம் புரியும்.

வாக்குக் கொடுப்பதையும் தடை செய்யுங்கள். ஒருவன் பத்து வயதுச் சிறுமியிடம் 'அடுத்த வருடம் கண்டிப்பாக வருவேன்' என்று சொல்லிவிட்டான். அடுத்த வருடம் புது வேலையில் அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நாங்கள் போய் வேனிலிருந்து இறங்கினோம். ஒவ்வொருவராக இறங்கி முடியும்வரை அவள் கதவருகிலேயே நின்றாள். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.