குறிஞ்சியைச் சுற்றிச் சீகையை எடுப்பது எப்படி

பழனிமலையில் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். ஒரே தடவை பூத்து, விதை உதிர்த்ததும் செடி காய்ந்துவிடும். பூப்பதற்குள் வேறு மரங்களின் நிழலடித்துச் செத்தால் அந்தச் சரிவில் விதையே விழாது. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்பு இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. தோல் பதனிடும் பட்டைக்காக வந்த ஆஸ்திரேலியச் சீகை, அதாவது வாட்டில் மரம், இன்று குறிஞ்சி வளரும் புல்வெளியை மூடிக்கொண்டு வருகிறது.

மதுரையிலிருந்து வாரக் கடைசியில் களையெடுக்க வருவோர் முதலில் வனத்துறையின் எழுத்து அனுமதி பெற வேண்டும். சரணாலயத்துக்குள் ஒரு கன்றைப் பிடுங்குவதும் அனுமதியோடுதான்.

அரிவாளை எடுக்குமுன் குறிஞ்சிக்கு அடையாளத் துணி கட்டுங்கள். பூவில்லாத காலத்தில் அது வெறும் புதர்போல் இருப்பதால், களையோடு களையாக வெட்டுப்படுவது வழக்கம். இலைகள் எதிரெதிராக இருக்கும், ஓரம் ரம்பப் பல், நரம்புகள் அழுந்தத் தெரியும். சீகைக்கோ வேலமரம்போலப் பொடி இலை.

நல்ல மழை பெய்த மறுநாளே பிடுங்க ஏற்ற நாள். கட்டைவிரல் பருமன் வரையுள்ள கன்றை அடித்தண்டில் பிடித்து, மெல்ல ஆட்டி, நேராக இழுங்கள். வேரில் கடுகளவு முடிச்சுகளோடு முழுசாக வர வேண்டும். கழுத்தில் முறிந்தால் மீண்டும் துளிர்க்கும்; கடப்பாரையால் தோண்டி எடுங்கள். பிடுங்கியதை வேர் மண்ணில் படாமல் பாறைமேல் போடுங்கள்.

பெரிய மரத்துக்குப் பட்டை உரிப்பதே நல்லது. முழங்கால் உயரத்திலிருந்து தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை, சுற்றிலும் ஒரு நூல்கூட விடாமல் உரிக்க வேண்டும். ஒரு விரல் அகலப் பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். வெள்ளிச் சீகை என்ற வகை வேரிலிருந்தும் முளைக்கும். அதைச் சுற்றி அடிக்கடி பார்க்க வேண்டும்.

முதிர்ந்த சீகைத் தோப்பை ஒரேயடியாக வெட்டாதீர்கள். வெயில் பட்டதும் மண்ணில் பல பத்தாண்டுகளாகக் கிடக்கும் விதைகள் ஒன்றாக முளைத்து, முன்னைவிட அடர்ந்துவிடும். தோப்பின் நிழலில், இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக் கன்றுகளும் வளர்ந்துகொண்டிருக்கும். புல்வெளிக்குள் இப்போதுதான் நுழையும் இளங்கன்றுகளே முதல் வேலை. தீயும் ஜேசிபியும் வேண்டவே வேண்டாம்: சூடு விதையின் உறையை உடைக்கும், கிளறிய மண் அதற்கு நாற்றங்கால்.

வெறுமையான இடத்தில் அருகிலுள்ள புல்லின் தூரைப் பிரித்து ஓரடி இடைவெளியில் நடுங்கள். ஆண்டுதோறும், காய் முற்றுமுன், அதே இடத்துக்குத் திரும்பி வந்து முளைத்ததைப் பிடுங்குங்கள். அடுத்த சரிவுக்குப் போகுமுன் செருப்படிச் சேற்றைச் சுரண்டிவிடுங்கள். விதை அதில் ஒட்டியிருக்கும்.