சுங்கத்துக்கு அபிடவிட் கொடுக்கும் முன்

இறக்குமதிச் சரக்கு தொடர்பாகச் சுங்கத்துறை கேட்கும் அபிடவிட் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) கடைசிப் பத்தியாலேயே திரும்பி வரலாம். 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எந்தெந்தப் பத்தி நேரடியாக அறிந்தது, எது நிறுவனப் பதிவேடுகளைப் பார்த்துச் சொன்னது என்று எண் போட்டுப் பிரித்து எழுதுங்கள்.

முத்திரைத்தாள் தேதி, கையெழுத்துத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு ஆள் மூலம் நோட்டரியிடம் அனுப்பும் பழக்கம் வேண்டாம். அவர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டால்தான் அது சத்தியப் பிரமாணம். ஒவ்வொரு பக்கத்திலும், அடித்துத் திருத்திய இடத்திலும் கையெழுத்து வேண்டும். நோட்டரி முத்திரையோடு பதிவேட்டு எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி விவரப் படிவம்) எண்ணோடு தேதியும் துறைமுகக் குறியீடும் சேருங்கள் (சென்னைக் கடல்துறைமுகத்துக்கு ஐஎன்எம்ஏஏ1). கன்டெய்னர் எண் 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால் ஒரு எண் பிசகினாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பில் ஆஃப் லேடிங்கை (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) பக்கத்தில் வைத்தே ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டில் கையெழுத்தான ஆவணமா? அந்த நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஹேக் உடன்படிக்கை (வெளிநாட்டு ஆவணச் சான்றை எளிதாக்கும் ஒப்பந்தம்) நடப்பில் இருந்தால் அப்போஸ்டில் (அந்த நாட்டு அதிகாரி தரும் சான்று). இல்லையென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகச் சான்று.

தெரிந்தே பொய்யான ஆவணம் கொடுத்தால், சுங்கச் சட்டம் 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப்போல் 5 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். சுங்க ஏஜென்ட் தயாரித்த வரைவானாலும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து.