ஆம்புலன்ஸ் மேலே வந்து சேரும்வரை

கோலாலம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், சாலை நெரிசலைவிட வாசலில் வீணாகும் நிமிடங்கள்தாம் மருத்துவ உதவியாளரான என்னை அதிகம் பதறவைக்கின்றன. எந்த பிளாக், எந்த லிஃப்ட் ஓடுகிறது என்று தெரியாமல் ஸ்ட்ரெச்சரோடு கீழே நிற்பது கொடுமை.

அவசரமென்றால் மலேசியாவின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள், கைப்பேசியில் 112 அழுத்தினாலும் அங்கேதான் இணையும். பிளாக், மாடி, வீட்டு எண், அருகிலுள்ள கோயிலோ கடையோ எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேள்வி கேட்கிறார்களே என்று எரிச்சலில் துண்டித்துவிடாதீர்கள். பிறகு ஒருவர் கீழே இறங்கிக் காவலாளியிடம் தடுப்பைத் தூக்கச் சொல்லட்டும். இன்னொருவர் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும். இரும்புக் கிரில்லின் பூட்டைத் திறந்து வையுங்கள். பதற்றத்தில் சாவி தேடும் கைகள் எப்படி நடுங்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சீனித் தண்ணீரோ ஊற்றவே கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாசத்தில்தான் ஊற்றுகிறார்கள், ஆனாலும் ஆபத்து ஆபத்துதான். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். தொலைபேசியில் இருப்பவர் வழிகாட்டுவார்.

பாட்டியின் மாத்திரைகள் பிஸ்கட் டின்னில் பெயர் கிழிந்த அட்டைகளாகக் கிடக்கின்றனவா? இன்றே மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றைத் தாளில் எழுதி, அவருடைய அடையாள அட்டை நகலோடு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.