சீடேப் கலந்து ஒளிச்சிதறலில் டிஎன்ஏ அளப்பது

சீடேப் (CTAB, நேர்மின்னேற்றமுள்ள ஒரு சோப்புவகைப் பொருள்) டிஎன்ஏவைப் பற்றினால் கலவை ஒளியைச் சிதறடிக்கும்; அந்தச் சிதறலை வைத்து டிஎன்ஏவை அளக்கலாம். 36.4 மில்லிகிராம் சீடேப்பை 100 மில்லி காய்ச்சிவடித்த நீரில் கரையுங்கள். கடலூர், புதுச்சேரி ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் கூடவே கூடாது: உப்பு, டிஎன்ஏவின் பாஸ்பேட்டைச் சீடேப் பற்றவிடாது, சிதறல் படுத்துவிடும். ஏசி அறையில் 25 டிகிரிக்குக் கீழே போனால் சீடேப் படிகமாகும். லேசாகச் சூடாக்கினால் தெளியும்.

10 மில்லி குடுவையில் 1 மில்லி டிரிஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசல்; 10 மில்லிமோலார், பிஎச் 7.4), டிஎன்ஏ (முடிவில் மில்லிக்கு 0.1–2 மைக்ரோகிராம்), கடைசியாக 0.5 மில்லி சீடேப். நீரால் நிரப்பி, குலுக்காமல் கவிழ்த்துக் கலக்குங்கள்.

பத்து நிமிடம் கழித்து, ஃபுளோரிமீட்டரின் (ஒளிர்வை அளக்கும் கருவி) இரு மோனோகுரோமேட்டர்களையும் (அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கும் பாகங்கள்) ஒரே அலைநீளத்தில் ஓட்டி, 400 நானோமீட்டர் அருகே படியுங்கள். டிஎன்ஏ இல்லாத கலவையின் அளவைக் கழியுங்கள். அது தாறுமாறாக ஏறினால் முதலில் தூசியைச் சந்தேகியுங்கள்: டிரிஸையும் நீரையும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். குவெட்டை (கலவையை ஊற்றி அளக்கும் சிறு கலம்) சோப்புப் பவுடரால் கழுவாதீர்கள், எத்தனால் போதும். ஆர்என்ஏவும் இதேபோல் ஒளியைச் சிதறடிக்கும். முன்பே ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி) போட்டு நீக்குங்கள்.