கோப்பி மரத்தில் கொகேஷி: மலையகத்தில் கடைசல் பொம்மை செய்யும் முறை

கைகால் இல்லாத உருளை உடல், அதன்மேல் உருண்டைத் தலை, மெல்லிய கோடுகளாலான முகம்: ஜப்பானின் வடகிழக்கிலுள்ள தொஹொகு பகுதியின் கொகேஷி பொம்மைக்கு இவ்வளவே உறுப்புகள். மரக்கிண்ணமும் தட்டும் கடைந்து பிழைத்த மலைவாழ் கைவினைஞர்கள், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெந்நீரூற்றுகளுக்கு ஓய்வெடுக்க வந்த விவசாயக் குடும்பங்களுக்கு விற்பதற்காக இதைச் செய்யத் தொடங்கினார்கள். நம் மரப்பாச்சி செதுக்கிச் செய்யப்படுவது. கொகேஷியோ கடைசலில் பிறப்பது. ஆகவே நாற்காலிக் கால்களும் கட்டில் கால்களும் கடைகின்ற பட்டறை அருகில் இருந்தால், இலங்கையின் மலையகத்திலும் இதைச் செய்துபார்க்கலாம். கடைசலையும் தூரிகையையும் விட இதில் கடினமானது மரத்தை உலர்த்துவதே என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொஹொகுவில் பெரும்பாலும் மிசுகி என்ற மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது வெண்மையானது, இழை நெருக்கமானது, சாயத்தை அளவாக உறிஞ்சுவது. இந்தக் குணங்களுக்கு ஓரளவு நெருங்கி வருவதும் நமக்கு எளிதில் கிடைப்பதும் கோப்பி மரம் என்பது என் கருத்து. 1869இல் தொடங்கிய இலைத்துரு நோயால் பெருந்தோட்டங்களிலிருந்து கோப்பி மறைந்தது. ஆனாலும் வீட்டுத் தோட்டங்களில் அது இன்னமும் நிற்கிறது, வயதான மரங்களை அடிக்கட்டை நிற்க வெட்டித் துளிர்க்க விடும் வழக்கமும் இருக்கிறது. அப்படி வெட்டப்பட்ட தண்டுகளில், குறுக்களவு எட்டு சென்றிமீற்றருக்குக் குறையாதவற்றைக் கேட்டு வாங்குங்கள். தோடை மரமும் கொய்யா மரமும் இதற்கு உதவும். தேயிலைக்கு நிழலாக நட்டிருக்கும் கிரவிலியாவைத் தேட வேண்டாம். அதன் அகன்ற வரிகள் முகத்தின் மெல்லிய கோடுகளோடு போட்டியிடும், அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். எந்த மரமானாலும், தோட்டத்துக்குரியதென்றால் நிர்வாகத்தின் அனுமதியோடுதான் எடுக்க வேண்டும்.

வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிடுங்கள். பட்டையோடு கிடக்கும் வெளிர் மரம் நம் ஈரக் காற்றில் விரைவில் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போகும். அந்தக் கறையை எந்தத் தேய்ப்பாலும் போக்க முடியாது. பின்பு, செய்ய நினைக்கும் பொம்மையின் நீளத்தைவிட ஐந்து சென்றிமீற்றர் கூடுதலாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் நடுவே பிளந்துவிட வேண்டும். மரம் சுருங்கும்போது வெடிப்பு பெரும்பாலும் நடுவிலுள்ள மென்பகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பகுதி பொம்மைக்குள் வராதபடி பிளப்பதே பாதுகாப்பு. வெட்டுமுனைகளில் உருகிய மெழுகைத் தடவினால், முனை முந்தி உலர்ந்து கீறிப்போவது குறையும்.

தொஹொகுவில் மரத்தில் நீரோட்டம் குறைந்திருக்கும் இலையுதிர்கால இறுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் வெட்டி, பட்டை நீக்கி, வெளியில் நிறுத்தி, ஆறு மாதமோ அதற்கு மேலோ உலர விடுவார்கள். நம் மலைகளில் ஒரே நாட்காட்டி எல்லா ஊருக்கும் பொருந்தாது. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை வலுத்திருக்கும் என்பதால் ஜனவரியில் வெட்டுவது நல்லது. பதுளை, பண்டாரவளை பக்கத்தில் அதே தென்மேல் பருவத்தில்தான் வறண்ட காற்று வீசும் என்பதால் அங்கே ஜூன் மாதம் பொருத்தமானது. துண்டுகளைக் கூரைக்கடியில், மழைச்சாரல் படாமல், நிலத்தில் தொடாமல், இடையே குச்சிகள் வைத்து, நான்கு பக்கமும் காற்றோடும்படி அடுக்குங்கள். அடுப்புக்கு மேலுள்ள பரணில் விறகோடு சேர்த்து வைக்க மனம் தூண்டும். அவ்வாறு செய்யாதீர்கள், வெளிப்புறம் மட்டும் வேகமாக இறுகி உட்புறம் ஈரமாக நிற்க, துண்டு நெடுகப் பிளந்துவிடும். மாதம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து, அதன் எடையை மரத்திலேயே பென்சிலால் குறித்து வாருங்கள். எடை தொடர்ந்து இரண்டு மூன்று மாதங்களுக்கு இறங்காமல் நின்றால் மட்டுமே அது கடைசலுக்குத் தயார்.

கடைசலுக்கு வரும்போது முதல் பொம்மையைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டு சென்றிமீற்றர் உயரம், இரண்டரை சென்றிமீற்றர் உடல், மூன்று சென்றிமீற்றர் தலை. உடலையும் தலையையும் வெவ்வேறாகக் கடைந்து, தலையின் அடியில் விடும் முளையை உடலின் உச்சியிலுள்ள குழியில் இறுக்கிப் பொருத்துவது தொடங்குபவருக்கு ஏற்றது. மியாகி மாநிலத்து நருகோவில், சுழன்றுகொண்டிருக்கும் உடலுக்குள் தலையை அழுத்திப் பொருத்துகிறார்கள். பிறகு தலையைத் திருப்பினால் அது கீச்சென்று ஒலிக்கும். அந்த ஒலிக்காகவே நருகோ பொம்மையை விரும்புவோர் பலர். ஆயினும் அது தேர்ந்த கைக்குரிய வேலை. நீங்கள் பசை வைத்தே பொருத்தலாம். கிஜியாமா என்ற மற்றொரு கொகேஷி மரபில் தலையும் உடலும் ஒரே கட்டையில் கடையப்படுகின்றன, அதுவும் அழகே. தளர்ந்த சட்டைக்கை, சால்வை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு கடைசல் இயந்திரமான லேத்தின் பக்கம் செல்லக் கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம்.

கடைந்து முடித்த துண்டைக் கழற்றுவதற்கு முன்பே நுண்ணிய சாண்ட் பேப்பரால் நன்றாக மெருகிடுங்கள். தொஹொகுவில் இதற்கு மணற்சத்து நிறைந்த தொகுசா என்ற செடியின் தண்டைப் பயன்படுத்தினார்கள். மெருகு குறைந்த இடத்தில் சாயம் இழைவழியே கசிந்து பரவும். அடுத்து, லேத்தை மிக மெதுவாகச் சுழலவிட்டு, சாயம் தோய்த்த தூரிகையை அசையாமல் உடலில் தொட்டால், முழு வட்டமான பட்டைக் கோடு தானாக விழும். சுச்சியு என்ற வெந்நீரூற்று ஊரின் பொம்மைகளின் உச்சந்தலையிலுள்ள வளையங்களும் இவ்வாறே வரையப்படுகின்றன. சிவப்பு, பச்சை, கறுப்பு ஆகிய மூன்றும் போதும். மரத்தை மூடிவிடும் கெட்டியான எனாமல் பெயின்ற் வேண்டாம், இழை தெரியும்படியான நீர்ச்சாயமே வேண்டும்.

முகத்தை வரைவதற்குமுன் அதே மரத்தின் கழிவுத்துண்டுகளில் கை பழகும் வரை வரைந்து பாருங்கள், ஏனென்றால் மரத்தில் விழுந்த கறுப்பு மையை அழிக்க வழியில்லை. கண்களை முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்தால் குழந்தை முகம் வரும். இமைக்கு ஒரு வளைவு, விழிக்கு ஒரு புள்ளி, மூக்குக்கு ஒரு சிறு கோடு, வாய்க்குச் சிவப்பில் ஒரு தொடுகை. அதோடு நிறுத்திவிட வேண்டும். உடலில் நருகோவின் செவ்வந்தியை அப்படியே பிரதி செய்வதைவிட, வெண்ணிதழும் மஞ்சள் மகரந்தமும் கொண்ட தேயிலைப் பூவையோ, இரண்டு இலையோடு கூடிய கொழுந்தையோ நான்கைந்து தூரிகை வீச்சில் போடுவது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. கூடையும் முக்காடும் பொட்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், அது சுற்றுலாக் கடைப் பொம்மையாகிவிடும்.

சாயம் முழுமையாக உலர்ந்தபின், சுழலும் பொம்மையில் வெள்ளை மெழுகை இலேசாக அழுத்தி, துணியால் தேய்த்து மெருகேற்றுங்கள். அடியில் உங்கள் பெயரையும் மரத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். ஜப்பானியக் கைவினைஞர்களும் அடியில் தம் பெயரை எழுதுவது வழக்கம். விற்பதாக இருந்தால், கொகேஷி முறையைப் பின்பற்றி மலையகத்தில் செய்யப்பட்டது என்றே சொல்லி விற்க வேண்டும். மியாகியின் மரபுவழிக் கொகேஷியை ஜப்பானிய அரசு 1981இல் மரபுக் கைவினைப் பொருளாக அங்கீகரித்திருக்கிறது; அந்தப் பெயருக்குப் பின்னால் தலைமுறைகளின் உழைப்பு இருக்கிறது. நேர்வெயில் பட்டால் சாயம் மங்கும், மூடிய பெட்டிக்குள் பனிக்கால ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் வெயில் விழாத, காற்றோட்டமுள்ள தட்டில் வைத்து, மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து வாருங்கள்.