போட்டதை எண்ணாதீர்கள், போய்ச் சேர்ந்ததை அளவிடுங்கள்: ஊராட்சி அளவில் வளர்ச்சி இலக்குகளைக் கணக்கெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊராட்சி அலுவலகச் சுவரில் ‘குடிநீர் இணைப்பு 100 சதவீதம்’ என்று எழுதியிருக்கும். அது குழாய் பொருத்திய வீடுகளின் கணக்கு. கடைசித் தெருவில் அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வந்தால் குடிக்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த எண்ணில் பதில் இல்லை. நிலையான வளர்ச்சி இலக்குகளை அளப்பதில் நேரும் தவறுகளில் பல இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன.

2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை 17 இலக்குகளையும் அவற்றின் கீழ் 169 உட்குறிக்கோள்களையும் ஏற்றுக்கொண்டது. கெடு 2030. இந்தியாவில் ஊராட்சிகளின் கைக்கு அடங்கும்படி இவற்றை வறுமை ஒழிப்பு, நலவாழ்வு, குழந்தைகள், குடிநீர், தூய்மை, மகளிர் என 9 கருப்பொருள்களாக மாற்றினார்கள். அவற்றின் அடிப்படையில் 2022–23ஆம் ஆண்டுக்கான முதல் ஊராட்சி முன்னேற்றக் குறியீடு 2025 ஏப்ரலில் வெளிவந்தது. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறவேண்டிய முதல் தரத்தில் நாடு முழுவதும் ஒரு ஊராட்சிகூட இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் 100 எழுதியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தண்ணீர்: குழாயை எண்ணிவிட்டு நிறுத்துவது

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட, வீடுதோறும் குழாய்நீர் தருவதற்கான ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். இதைச் சரிபார்க்க 10 லிட்டர் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். வாளி நிறைய 2 நிமிடம் ஆனால், அந்த வீட்டுக்கு 55 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடும் ஊரென்றால் 110 நிமிடம். நீங்கள் விடுவது 40 நிமிடம்தான் என்றால், இணைப்பு இருந்தும் அந்த வீடு இலக்கை எட்டவில்லை.

எங்கே அளப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் அளந்தால் எந்த ஊரும் தேறிவிடும். குழாய் முடியும் கடைக்கோடி வீடு, மேட்டில் இருக்கும் வீடு, தொட்டிக்கு அருகிலுள்ள வீடு என மூன்றிலும் அளக்க வேண்டும். டிசம்பரில் அளந்த எண்ணை வைத்து மே மாதத்துக்குத் திட்டம் போடக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் அது ஏப்ரல் கடைசியாக இருக்கட்டும்.

தரத்தில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. பேனா போன்ற மீட்டரைத் தண்ணீரில் நனைத்து, ‘டி.டி.எஸ். 400, நல்ல தண்ணீர்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். மலக்கிருமியையும் ஃப்ளூரைடையும் அது காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500இன்படி ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை ஏற்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃப்ளூரைடு சிக்கலால்தான். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

மலக்கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்தச் சோதனை பொய்யாகிப்போவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, பாட்டிலில் பிடிக்கும்போதுதான். குழாய் வாயில் மாட்டிய ரப்பர் குழாயைக் கழற்றி, 2–3 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீராக இருந்தால் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் போட்ட பாட்டில் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குளோரின் கிருமியைக் கொன்றுவிடும், முடிவு ‘சுத்தம்’ என்று வரும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து முடிந்தவரை 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். குளோரினைத் தொட்டியடியில் சோதித்துப் பயனில்லை. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

கழிப்பறைக் கணக்கிலும் இதே கோளாறு உண்டு. கட்டியவற்றை எண்ணுவதோடு, ‘நேற்று இந்த வீட்டில் யார் யார் இதைப் பயன்படுத்தவில்லை’ என்றும் கேட்க வேண்டும். ‘எல்லோரும் பயன்படுத்துகிறீர்களா’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். ஓடையில் கொட்டினால் அந்தக் கழிப்பறை பாதுகாப்பான சுகாதாரக் கணக்கில் சேராது.

சராசரிக்குள் மறைந்துபோகும் தெரு

ஓர் ஊராட்சியில் 600 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஊரில் 480, காலனியில் 120. ஊரில் 95 சதவீத வீடுகளுக்குப் போதிய தண்ணீர் வருகிறது, காலனியில் 40 சதவீதத்துக்கு மட்டும். மொத்தக் கணக்கு 504 வீடுகள், அதாவது 84 சதவீதம். அறிக்கையில் அது நன்றாகவே தெரியும். காலனியில் 72 வீடுகள் குடத்தோடு நிற்பது அதில் தெரியாது. ‘யாரையும் விட்டுவிடாமல்’ என்பது இந்த இலக்குகளின் அடிப்படை வாக்குறுதி. ஆகவே குக்கிராம வாரியாகப் பிரிக்காத எந்த எண்ணையும் ஏற்காதீர்கள். முடிந்தால் பெண்கள் தலைமையிலான வீடு, மாற்றுத்திறனாளி உள்ள வீடு என்றும் பிரியுங்கள். படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடும், அவ்வளவுதான் வேலை.

சதவீதம் எந்த எண்ணை வைத்து வகுக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின் வீட்டு எண்ணிக்கையால் இன்றைய பயனாளிகளை வகுத்தால் 104 சதவீதம்கூட வரும். நூறைத் தாண்டினாலாவது தவறு கண்ணில் படும். 98 என்று வந்தால் யாரும் கேட்பதில்லை, உண்மையில் அது 80ஆக இருக்கலாம். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பங்கள் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அவர்களைத் தேடிப்போய்ச் சேர்க்க வேண்டும்.

சிறிய ஊரில் பெரிய விகிதம்

பேறுகால இறப்பு விகிதம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குக் கணக்கிடப்படுவது. உலக இலக்கு 70க்குக் கீழ். ஆண்டுக்கு 60 குழந்தைகள் பிறக்கும் ஊராட்சியில் ஒரு தாய் இறந்தால் விகிதம் 1,667. அடுத்த ஆண்டு யாரும் இறக்காவிட்டால் 0. முதல் ஆண்டு பேரழிவும் இல்லை, அடுத்த ஆண்டு சாதனையும் இல்லை. இறப்பு அரிதாக நிகழ்வதால் பிறப்பு, இறப்புகளைக் கணக்கிடும் நாடளாவிய மாதிரிப் பதிவு முறையே மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் இந்த விகிதத்தை வெளியிடுகிறது. ஊராட்சியில் விகிதம் போடுவதை விட்டுவிட்டு, நிகழ்ந்த ஒவ்வொரு இறப்பையும் தனியாக விசாரித்து எழுதுங்கள்: வலி எப்போது தொடங்கியது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, முதல் மருத்துவமனை ஏன் திருப்பி அனுப்பியது. எண்ணாக வேண்டுமென்றால் நான்கு முறையாவது கர்ப்பகாலப் பரிசோதனை முடித்தவர்களை எண்ணலாம். அது ஆண்டுக்கு 60 பேரைப் பற்றிய எண், நம்பலாம்.

அங்கன்வாடியில் கால் அங்குலம்

வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதம் ஒரு மாவட்டத்தின் பசியைச் சொல்லும் எண். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இது 2015–16இல் 27.1 சதவீதம், 2019–21இல் 25.0. குறைந்தது உண்மை. ஆனால் அந்த வேகம் ஆண்டுக்கு அரைப் புள்ளிகூட இல்லை. அதே வேகத்தில் போனால் 2030இலும் ஐந்தில் ஒரு குழந்தை குட்டையாகவே இருக்கும். ‘குறைந்துள்ளது’ என்று மட்டும் எழுதி வேகத்தை எழுதாமல் விடுவது பரவலாக நடக்கும் தவறு.

அளவெடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில. 2 வயதுக்குக் கீழே படுக்கவைத்து, அதற்கு மேல் நிற்கவைத்து அளக்க வேண்டும். ஒரே குழந்தை படுத்திருக்கும்போது ஏறக்குறைய 0.7 செ.மீ. கூடுதலாகக் காட்டும். முறை மாறிவிட்டால் அந்த 0.7ஐக் கூட்டியோ கழித்தோ சரிசெய்ய வேண்டும். செருப்பும் உச்சிக் குடுமியும் கூடாது. வயதை அம்மாவிடம் கேட்டு எழுதாமல் பிறப்புச் சான்றைப் பார்த்து மாதக் கணக்கில் எழுதுங்கள். உயரம் சரியாக இருந்து வயது இரண்டு மாதம் தவறினாலே, குட்டையா இல்லையா என்ற குழந்தையின் வகை மாறிவிடலாம். எடைக்கருவியில் தினமும் காலையில் 2 கிலோ படிக்கல்லை வைத்துப் பாருங்கள்.

பதிவேட்டை மேசையிலிருந்தே சோதிக்க ஒரு வழி உண்டு. 100 குழந்தைகளின் உயரத்தில் புள்ளிக்குப் பின் வரும் இலக்கத்தை மட்டும் பாருங்கள். 0 அல்லது 5 இயல்பாக 20 இடங்களில் வரும். 50 இடங்களில் வந்தால் யாரோ கண்ணளவாக எழுதியிருக்கிறார்கள்.

பட்டியலில் ஏறினோமா, வாழ்க்கையில் ஏறினோமா

நிதி ஆயோக்கின் நிலையான வளர்ச்சி இலக்குக் குறியீட்டில் இந்தியாவின் மதிப்பெண் 2018இல் 57, 2019–20இல் 60, 2020–21இல் 66, 2023–24இல் 71. இந்த நான்கையும் கோடு போட்டு இணைக்கும் வரைபடத்தைப் பல இடங்களில் பார்க்கலாம். ஆனால் முதல் பதிப்பில் 62 குறிகாட்டிகள், அடுத்தடுத்து 100, 115, 113. அளவுகோலே மாறியிருக்கிறது. ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாப் பதிப்புகளிலும் ஒரே வரையறையோடு இருக்கும் குறிகாட்டிகளை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். தரவரிசையும் அப்படியே ஏமாற்றும். பக்கத்து மாவட்டம் சறுக்கினால் நீங்கள் ஏதும் செய்யாமலே ஓர் இடம் முன்னேறுவீர்கள்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டவை. நட்சத்திரக் குறி என்றால் அதற்கும் குறைவு. அந்த அடைப்புக்குறியை எடுத்துவிட்டுத் திட்ட அறிக்கையில் ஒட்டுவது பெரிய பிழை.

சரிபார்க்க 19 வீடுகள்

தொட்டி இயக்குபவரே தண்ணீர்க் கணக்கையும் எழுதினால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எண் மேலே போகும். மதிப்பெண்ணுக்குப் பரிசு என்று அறிவித்தால் இன்னும் வேகமாகப் போகும். பக்கத்துக் குக்கிராமத்து மகளிர் குழுவினரை அளக்கச் சொல்லுங்கள். எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. தடுப்பூசித் திட்டங்களில் பயன்படும் ஒரு முறையில் குக்கிராமத்துக்கு 19 வீடுகள் போதும். இலக்கு 80 சதவீதம் என்றால், 19இல் 13க்குக் குறைவான வீடுகளே தேறும்போது அந்தக் குக்கிராமம் எட்டவில்லை என்று முடிவு செய்யலாம். உண்மையில் எட்டிய ஊர் இதில் தவறிப்போகும் வாய்ப்பும், பாதி வீடுகளுக்கு மட்டுமே கிடைக்கும் ஊர் தேறிவிடும் வாய்ப்பும் 10 சதவீதத்துக்குக் கீழே. எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்பதை இது சொல்லும், துல்லியமான சதவீதத்தைச் சொல்லாது.

வீடுகளை யாரும் கைகாட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாது. 120 வீடுகள் என்றால் 1 முதல் 6 வரை சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு ஆறாவது வீடாகப் போனால் 20 வரும், அவற்றில் ஒன்றையும் சீட்டுக் குலுக்கியே நீக்குங்கள். பூட்டிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள். மாலையில் திரும்பி வாருங்கள். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் கூலிவேலைக்குப் போனவர்களின் வீடு.

எண் மேலே போய் அங்கேயே நின்றுவிடுவது

அளந்த எண் வலைத்தளத்தில் ஏறியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் அளந்ததை ஜூலைக்குள் குக்கிராம வாரியாகத் தொகுத்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தெருப் பெயரோடு வாசித்துக் காட்டுங்கள். தவறான எண்ணை அங்கே மக்களே திருத்துவார்கள். கிராம வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் இயக்கம் வழக்கமாக அக்டோபர் 2 அன்று தொடங்குகிறது, அதற்குள் திருத்திய பட்டியல் கையில் இருக்க வேண்டும். 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிக் கொடுத்தது. அளவீடு தயாராக இல்லாத ஊராட்சியில் அப்படிப்பட்ட பணம் ஏற்கெனவே நன்றாக இருக்கும் தெருவுக்கே மறுபடியும் போய்விடுகிறது.

திட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் மூன்று விவரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். காலனி கடைசித் தெருவில் 10 லிட்டர் நிறைய 4 நிமிடம் ஆகிறது. அதைச் சரிசெய்ய இத்தனை மீட்டர் குழாய், இத்தனை ரூபாய். அடுத்த ஏப்ரலில் அதே குழாயில், அதே நேரத்தில், அதே வாளியோடு மறுபடி அளக்கப்போகிறவர் யார்.